வினையும் உய்வினையும்

சான்றோர் நிறைந்த இந்த அவைக்கு என் வணக்கம். கர்மம் என்பதன் பொருள் என்ன, அதற்கும் சமயத்துக்கும் உள்ள தொடர்பு என்ன என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல சமயங்கள் தமக்குள் வாதிட்டுவந்த பொருள். நூல்களுக்குப் போகுமுன், இந்தக் கேள்வி எனக்கு எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இரவு தங்கியிருந்தேன். எதிர்க் கட்டிலில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று காய்ச்சலில் கிடந்தது. அதன் தாய் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் இடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பார்க்க வந்த அம்மையார் ஒருவர் கண் கலங்க, "போன பிறவியில் என்ன பாவம் செய்ததோ இந்தப் பிஞ்சு" என்றார். பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. துணியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையார் கல்நெஞ்சர் அல்லர். தம் சமயம் தமக்குக் கற்றுக்கொடுத்ததாக நம்பியதைத்தான் சொன்னார். எந்தச் சமயம் அப்படிக் கற்றுக்கொடுத்தது என்ற கேள்வி அன்றிரவு என்னைப் பற்றிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கர்மம் என்ற வடசொல், 'செய்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. அதற்கு நிகரான தமிழ்ச் சொல் வினை. "வினையே ஆடவர்க்கு உயிரே" என்று குறுந்தொகை பேசும்போது அது மேற்கொண்ட தொழிலைக் குறிக்கிறது. வினைச்சொல் என்று இலக்கணம் சொல்லும்போது அது செயலைக் குறிக்கிறது. "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்ற குறளிலும் ஒருவனை உரைத்துப் பார்க்கும் கல் அவனுடைய செயல்தான். இன்றோ "எல்லாம் என் கர்மம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தாம் செய்வதைச் சொல்லவில்லை, தம் தலையில் வந்து விழுந்ததைச் சொல்கிறார் என்றே நாம் புரிந்துகொள்கிறோம். செய்வதற்கு இருந்த பெயர் படுவதற்கு ஆகிவிட்டது.

வேதத்தின் பழைய பகுதிகளில் கர்மம் என்பது பெரும்பாலும் வேள்விச் செயலே. அது மனிதனின் ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லாகத் திரும்பும் இடத்தைப் பிருகதாரணியக உபநிடதத்தில் கண்ணாரக் காணலாம். சனக மன்னனுடைய அவையில் ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கிய முனிவரிடம் கேட்கிறார்: ஒருவன் இறக்கும்போது அவனுடைய பேச்சு நெருப்பிலும், மூச்சு காற்றிலும், கண் கதிரவனிலும் கலந்துவிடுகின்றன என்றால், அப்போது அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? யாக்ஞவல்கியர் அவையில் விடை சொல்லவில்லை. "அன்பரே, என் கையைப் பிடித்துக்கொள், இது நாம் இருவர் மட்டும் அறிய வேண்டியது, கூட்டத்தில் பேசுவதற்கு உரியதன்று" என்று அவரை வெளியே அழைத்துச் செல்கிறார். அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி என்று மட்டும் கூறி, நல்வினையால் ஒருவன் நல்லவன் ஆகிறான், தீவினையால் தீயவன் ஆகிறான் என்று உபநிடதம் முடிக்கிறது. நல்லது பெறுகிறான் என்று அங்கே இல்லை. நல்லவன் ஆகிறான் என்றே இருக்கிறது. கர்மம் பரிசும் தண்டனையும் வழங்கும் கணக்குப் புத்தகமாவதற்கு முன், செய்பவனையே உருவாக்கும் ஒன்றாக எண்ணப்பட்டது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். கைபிடித்து அழைத்துச் சென்று தனிமையில் சொன்ன செய்தி அது என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை. அடுத்தவர் கட்டிலருகே நின்று உரக்கச் சொல்வதற்காக அது பிறக்கவில்லை.

இனிச் சமயங்களுக்கு வருவோம். கடவுளை நம்புவதும் கர்மத்தை நம்புவதும் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை. கர்மக் கொள்கையை மிக நுட்பமாக வளர்த்த சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்து நடத்தும் கடவுளை ஏற்காதவை. சமணர்க்கு வினை என்பது நுண்ணிய பொருள். எண்ணெய் பூசிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல ஆசையும் சினமும் படிந்த உயிரில் அது ஒட்டிக்கொள்கிறது. அதை எட்டு வகையாகப் பிரித்தார்கள். அது உள்ளே வரும் வழியை ஊற்று என்றும், அதை அடைப்பதைச் செறிப்பு என்றும், முன்பே ஒட்டியதைத் தவத்தால் நீக்குவதை உதிர்ப்பு என்றும் பெயரிட்டார்கள். இதில் பகுத்துக் கொடுக்கும் கை எதுவும் தேவையில்லை. பசுக்கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடி அடைந்துவிடுவதைப் போலப் பழவினையும் தன்னைச் செய்தவனைத் தேடி அடையும் என்ற நாலடியார் பாட்டு இந்த நம்பிக்கையைத் தாங்கியது.

சைவ சித்தாந்தம் இதை மறுக்கிறது. வினை அறிவற்றது, அறிவற்ற ஒன்று யார் தன்னைச் செய்தார் என்று தானே அறிந்து சென்று பொருந்துவது எப்படி? ஆகவே அதைக் கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும், அவனே இறைவன் என்பது அதன் வாதம். அவ்வாறு கூட்டுவதும் தண்டிப்பதற்காக அன்று. நோயாளிக்குக் கசப்பு மருந்தை மருத்துவன் அளந்து கொடுப்பதுபோல, உயிர் பக்குவப்படுவதற்காக. உயிரைக் கட்டும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்றனுள் கன்மத்தைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று அது மூன்றாகப் பிரித்தது. சேர்ந்து கிடப்பது, இப்போது நுகரப்படுவது, இப்போது செய்வதால் ஏறுவது என்று எளிதாகச் சொல்லலாம். இந்த மூன்றாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். இந்த நொடியில் நான் பேசும் பேச்சும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. மருத்துவமனையில் அந்தக் குழந்தையின் பிராரத்தத்தைப் பற்றிப் பேசியவர், அந்தப் பேச்சு தம்முடைய ஆகாமியம் என்பதை நினைத்திருந்தால் பேசியிருக்க மாட்டார்.

புத்தர் இன்னொரு திசையில் சென்றார். வினை என்று நான் சொல்வது எண்ணத்தையே என்பது அவர் வாக்கு. உள்ளக்கருத்து இல்லாத அசைவு வினையாகாது. அவருடைய உப்பு உவமை எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் உப்புக் கட்டியைச் சிறு கிண்ணத்து நீரில் போட்டால் அந்த நீர் குடிக்கத் தகாததாகிறது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் ஆறு கரிப்பதில்லை. அவ்வாறே ஒரே அளவான சிறு தீவினை உள்ளம் குறுகியவனை நரகுவரை இழுத்துச் செல்லலாம். உள்ளம் பரந்தவனிடம் அது தெரியாமலே கரைந்து போகலாம் என்றார். செய்ததற்குத் தக்க அளவில் அனுபவித்தே தீரவேண்டும் என்ற இறுகிய கணக்கை அவர் ஏற்கவில்லை என்பது இதனால் விளங்கும். கட்டியின் எடை மாறவில்லை. நீரை விரிவாக்குவதுதான் மனிதனுக்கு விடப்பட்ட வேலை. சீவகன் என்ற துறவி, ஒருவன் நுகரும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், விபத்து முதலியவற்றாலும் துன்பம் வருகிறது, அவற்றோடு வினையும் ஒரு காரணம் என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் விடை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு முன்னால் நின்று சொல்லத் தகுந்த சமய வாக்கு இதுவே என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் விதியே எல்லாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஆசீவகர்கள்; மற்கலி கோசாலர் அவர்களுடைய தலைவர். உருட்டிவிட்ட நூற்கண்டு தன் நீளம் முடியும்வரை தானே அவிழ்ந்து ஓடுவதுபோல உயிர்களும் குறித்த பிறவிகளில் ஓடி முடியும். முயற்சியால் ஆவது ஒன்றும் இல்லை என்பது அவர்கள் கொள்கையாகப் பௌத்த நூல்கள் தருவது. மகாவீரரும் புத்தரும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கர்மக் கொள்கை, முயற்சிக்குப் பயன் உண்டு என்று நிலைநாட்டுவதற்காக விதிக் கொள்கையோடு போரிட்ட கொள்கை. அந்தப் போரில் தோற்றதாகச் சொல்லப்படும் கருத்தைத்தான் இன்று நாம் வெற்றி பெற்றதன் பெயரால் வழங்கிவருகிறோம். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்து, "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்டவர்தாம். ஆனால் ஆள்வினையுடைமையில், "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்று ஊழைப் புறங்காட்ட வைத்தவரும் அவரே. இரண்டையும் முரண் என்று தள்ளுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் கண். பின்னது இனிச் செய்யப்போகும் கை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லலாம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் வகுத்தது நம் இலக்கணம். கர்மம் தன்மைக்கு உரிய கொள்கை. நான் செய்தேன், நான் ஏற்கிறேன், நான் இனி வேறு செய்வேன் என்று ஒருவன் தன்னைக் குறித்துச் சொல்லும்போது அதற்கு உயிர் இருக்கிறது. அவன் வினை, அவள் வினை என்று படர்க்கையில் சொன்ன உடனே அது தீர்ப்பாகிவிடுகிறது. சொல்பவனுக்குக் கடமை இல்லை என்ற விடுதலைப் பத்திரமும் ஆகிவிடுகிறது.

இதை இளங்கோவடிகள் நன்கு அறிந்திருந்தார். "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்பதைத் தம் காப்பியத்தின் மூன்று பொருள்களுள் ஒன்றாக வைத்தவர் அவர். முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்வித்தான். அதன் பயனே மதுரைக் கொலை என்று காப்பியம் சொல்கிறது. எப்போது சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணகி அரசவையில் வழக்குரைத்து, சிலம்பை உடைத்து, அரசன் உயிர் நீத்து, நகரம் எரிந்த பிறகே மதுராபதித் தெய்வம் அந்தக் கதையை அவளிடம் சொல்கிறது. வழக்கு நடக்கும்போது, "உன் கணவன் முன்பு செய்த வினை" என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. பாண்டியன் அப்படிச் சொல்லித் தப்பியிருக்கலாம். "யானோ அரசன் யானே கள்வன்" என்றான். யான், யானே. தன்மையிடத்தில் நின்று சொன்ன சொல் அது. அதே காப்பியத்தின் மூன்று பொருள்களில் முதலாவது, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பது. ஊழ்வினை உண்டு என்பதனால் அரசன் செய்த பிழை பிழையல்லாமல் போய்விடவில்லை.

மணிமேகலையும் அப்படித்தான். மணிபல்லவத்தில் அவள் அறிந்துகொண்டது தன் பழம்பிறப்பை. அறிந்தபின் அமுதசுரபியோடு திரும்பியவள், பசித்து வந்தவர்களிடம் அவரவர் முன்வினையை விசாரிக்கவில்லை. முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசிக்கு ஆளான காயசண்டிகைக்குக்கூட, உன் பிழைக்கு நீ பட்டுத்தான் தீரவேண்டும் என்று சொல்லாமல் உணவிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் கேட்டுப் பெற்றாள். தீவினை செய்தவர் என்று ஊரே அறிந்த மக்கள் அடைபட்டிருந்த இடம் அது.

சமயங்கள் எல்லாம் எப்போதும் இப்படியே நடந்துகொண்டன என்று நான் சொன்னால் அது பொய்யாகும். நல்லொழுக்கம் உடையோர் மேல் மூன்று வருணங்களிலும், இழிந்த ஒழுக்கம் உடையோர் நாயாகவும் பன்றியாகவும் சண்டாளராகவும் பிறப்பர் என்று சாந்தோக்கிய உபநிடதமே சொல்கிறது. உயிருள்ள ஒரு மனிதக் கூட்டத்தை அவர்களுடைய பிறப்பையே சான்றாக வைத்துக் குற்றவாளிகளாக்கிய கொடுமைக்குக் கர்மத்தின் பெயர் துணை நின்றது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், புத்தர் சொன்ன வினையையும் முற்பிறவிக் கணக்கால் ஏழ்மையை நியாயப்படுத்தும் வினையையும் வேறு வேறு என்று பிரித்தே தீரவேண்டும் என்று வாதிட்டதற்குக் காரணம் இதுதான். அந்த வாதத்தை எதிர்கொள்ளாமல் இனி எந்தச் சமயத்தவரும் கர்மத்தைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

"அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற குறளில் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், தனியே எடுத்துரைக்க வேண்டா என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். அவர்கள் இருவரையும் காட்டி, இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று பொருள் கொள்வோரும் உண்டு. நான் பின்னவர் பக்கம் நிற்கிறேன். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றிருந்தால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபித்த புலவர், பல்லக்குத் தூக்கியின் தோளைக் காட்டி அவன் வினை என்று சொல்லியிருப்பார் என்று நம்ப என் மனம் இசையவில்லை.

திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். "அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃதறிவீர்" என்று அது தொடங்குகிறது. அந்த வினைக்கு இந்தப் பயன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரிகிறது. "உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே" என்று அடுத்த அடி கேட்கிறது. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்கிறார், காய்ச்சல் பரவிய ஊரில் நின்றுகொண்டு. மூன்றாம் அடி "கைவினை செய்து" என்று தொடங்குகிறது. அவ்வினை, இவ்வினை, உய்வினை, கைவினை, செய்வினை என்று நான்கு அடிக்குள் ஐந்து வினை. அவற்றுள் அந்தக் கைவினை எது என்று தேடிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனால், அதன் முதல் வரி இப்படி இருக்கிறது: "காவினை இட்டும் குளம்பல தொட்டும்". மரம் நட்டார்கள், குளம் வெட்டினார்கள்.