கறுப்பு பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பியூக் ஜிஎன்எக்ஸ் விற்பனைக்கு வந்தால்

[திரையில்: இரவு. ஈரமான தார்ச்சாலை. முழுக்கக் கறுப்பான ஒரு கார், முன்விளக்கு மட்டும் எரிகிறது.]

"விற்பனைக்கு: 1987 பியூக் ஜிஎன்எக்ஸ். ஒரே உரிமையாளர். குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி." அமெரிக்காவில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால் கூடவே வருகிற படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும், இருட்டு, பளபளப்பு, பக்கவாட்டில் ஒரு கோணம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை சொல்கிற இந்தக் காரில் அந்தக் காசுக்கான சமாச்சாரம் பெரும்பாலும் காருக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே போவோம், அதற்கு முன்னால் வண்டியின் பூர்வீகம் கொஞ்சம்.

ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் பியூக் என்றாலே வயதான டாக்டர்களும் பேங்க் மேனேஜர்களும் ஓட்டுகிற வண்டி என்றுதான் பெயர். மெத்தென்ற சீட்டு, சத்தம் வராத எஞ்சின். அந்தக் கம்பெனி 60களில் ஒரு வி6, அதாவது ஆறு சிலிண்டர், எஞ்சினைச் செய்துவிட்டு, இனி இது எதற்கு என்று 1967இல் தயாரிப்புக் கருவிகளோடு சேர்த்து ஜீப் செய்துகொண்டிருந்த கைசருக்கு விற்றுவிட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் பங்க்கில் வரிசை கட்டி நின்றதும், விற்றதையே 1974இல் திரும்ப வாங்கியது. விற்ற மாட்டைத் தேடிப்போய் மறுபடி ஓட்டிக்கொண்டு வந்த கதை. அந்த மாடுதான் பின்னால் பந்தயத்தில் ஓடியது.

1978இல் அதே வி6க்கு டர்போ மாட்டி ரீகல் என்ற இரண்டு கதவு காரில் வைத்தார்கள். 1982இல் நாஸ்கார் பந்தயத் தொடரின் பழைய பெயரை எடுத்து கிராண்ட் நேஷனல் என்று ஒரு ரீகல் வந்தது, அது கறுப்புகூட இல்லை, சாம்பல் நிறம். கறுப்பும் டர்போவும் சேர்ந்தது 1984இல். இன்டர்கூலர் 1986இல். 1987இல் 3.8 லிட்டர் எஞ்சின் 245 குதிரைத்திறன் கொடுத்தது. அதே வருடம் அதே குடும்பத்தின் செல்லப்பிள்ளையான கார்வெட், 5.7 லிட்டர் வி8 வைத்துக்கொண்டு, 240 கொடுத்தது. பெரியவர் வண்டி வீட்டுச் செல்லப்பிள்ளையை முந்திவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு எஞ்சினோடு.

[திரையில்: டர்போவின் குறுக்குவெட்டுப் படம். வலது பக்கச் சக்கரம் சுழல ஆரம்பிக்கிறது.]

டர்போ என்பது எளிய யோசனைதான். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகைக்கு நல்ல வேகம் இருக்கிறது, அதை வீணாக்காமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவைக்கிறோம். அதே அச்சின் இன்னொரு முனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம், இழுவை கூடும். இதில் இரண்டு தொல்லை உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடாகும், சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை தானாகவே கண்ட நேரத்தில் வெடித்து எஞ்சின் "கட கட" என்று தட்டும், அந்தக் காற்றைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். இன்னொன்று, சக்கரம் வேகம் பிடிக்கும்வரை நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்த ரீகலின் கடைசி வருடம் 1987 என்று முடிவாகிவிட்டது. போகிறபோது பேர் சொல்கிற மாதிரி ஒன்று செய்வோம் என்று கிராண்ட் நேஷனல்களை எடுத்து, பியூக்கின் சொந்த மாநிலமான மிச்சிகனிலேயே இருந்த ஏஎஸ்சி, மெக்லாரன் என்ற இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். டர்போவின் புகைப்பக்கச் சக்கரத்தைச் செராமிக்கில் செய்தார்கள், எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுற்றும், காத்திருக்கும் நேரம் குறையும். இன்டர்கூலர் பெரிதானது, எஞ்சின் கம்ப்யூட்டரின் சிப் மாறியது. கணக்குக்கு 276 குதிரைத்திறன் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பத்திரிகைச் சோதனைகளில் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை 5 வினாடிக்குள் தொட்ட வண்டி அது. இப்படி ஜிஎன்எக்ஸ் ஆனவை மொத்தம் 547. விலை 29,290 டாலர், அதில் இந்த மாற்றங்களுக்கு மட்டும் 10,995.

சரி, இப்போது வண்டிக்கு அடியில்.

[திரையில்: ஜாக்கி வைத்துத் தூக்கிய கார். கேமரா பின்சக்கரங்களுக்கு நடுவே போகிறது.]

சாதாரண கிராண்ட் நேஷனலில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் அச்சு சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருகிக்கொள்ளப் பார்க்கும், டயர் தரையில் பிடிக்காமல் புகை கிளப்பும். ஜிஎன்எக்ஸில் பின் அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து டார்க் ஆர்ம் என்ற ஒரு நீளமான கை முன்பக்கம் சேஸிஸ் வரைக்கும் போகிறது. அச்சு திருகினால் அந்த ஆர்ம் உடம்பை மேலே தள்ளும், அதே விசையில் டயர் தரையில் அழுந்தும். அச்சு இடது வலது ஆடாமல் இருக்க குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. இதற்கென்றே டிஃபரன்ஷியலுக்குத் தனி மூடி. இவ்வளவும் சேர்ந்ததுதான் ஜிஎன்எக்ஸ்.

மேலே தெரிகிற எதையும் போலியாகச் செய்யலாம். முன் ஃபெண்டரில் சூடு வெளியேற வைத்த காற்றுத்துளைகள், சக்கரத்துக்கு மேல் புடைத்த வளைவு, 16 அங்குல வலைச்சக்கரம், டிஜிட்டலுக்குப் பதில் முள் வைத்த மீட்டர்கள், டாஷ்போர்டில் எண் பொறித்த தகடு, எல்லாம். அதனால் படிப்படியாகப் போங்கள். முதலில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சேஸிஸ் நம்பர், அதில் எட்டாவது எழுத்து 7 ஆக இருக்க வேண்டும், அதுதான் டர்போ எஞ்சினின் குறி. 7 இல்லையென்றால் ஏதோ ஒரு ரீகலுக்குக் கறுப்படித்திருக்கிறார்கள். அடுத்து டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சின்னச் சின்ன மூன்றெழுத்துக் குறிகளாக. அதில் டபிள்யூஇ2 இருந்தால் பிறந்தது கிராண்ட் நேஷனலாகத்தான். அங்கிருந்து ஜிஎன்எக்ஸ் ஆனதா இல்லையா என்பதற்கு மறுபடி அந்த டிஃபரன்ஷியல் மூடியும் டார்க் ஆர்மும்தான் பேச வேண்டும், கூடவே பழைய பில், காகிதம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

துருவும் பட்டி பார்த்த வேலையும் எந்த நாட்டுப் பழைய காருக்கும் பொதுதான், காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஆனால் சக்கர வளைவில் வைக்காதீர்கள், அது ஃபேக்டரியிலிருந்தே இரும்பு இல்லை. பம்பருக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கிற பிளாஸ்டிக் நிரப்பிகள் விரிசல் விட்டிருக்கும், பரவாயில்லை, மாற்றலாம். நான் பயப்படுவது பிரேக்குக்கு. பெரும்பாலான கார்களில் பிரேக்கை லேசாக்குவது எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடம். டர்போ காற்றைத் தள்ளும்போது அந்த வெற்றிடம் இருக்காது, அதனால் இந்த டர்போ ரீகல்களுக்குப் பவர்மாஸ்டர் என்று மின்சார பம்ப் வைத்தார்கள். சாவியைத் திருப்பி, பெடலைத் தொடாமல் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். "விர்ர்" என்று ஓடி நின்றுவிட வேண்டும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அது மறுபடி ஓடினால், சாவியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் டயர். 2000க்கு முன்னால் வந்த டயர்களில் தேதிக் குறி மூன்று இலக்கம், அதற்குப் பிறகுதான் நான்கு. மூன்று இலக்கம் இருந்தால் போன நூற்றாண்டு ரப்பர். சேகரிப்பவருக்கு அது பொக்கிஷம், ஓட்டுகிறவருக்கு அது எமன். நூறு மைல் ஓடிய வண்டிக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஓடாமல் நின்ற எஞ்சினில் சீல் எல்லாம் காய்ந்திருக்கும். வாரம் ஒரு தடவை ஓடி, எண்ணெய் மாற்றி, ஐம்பதாயிரம் மைல் பார்த்த வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

[திரையில்: மறுபடி அந்த இரவுப் படம்.]

விற்பவருக்கு முதல் மெசேஜ் இதுதான்: "பகல் வெளிச்சத்தில் டிஃபரன்ஷியல் மூடியை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" வைத்திருப்பவர் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார், சொல்லப்போனால் பெருமையாக நாலு படம் சேர்த்தே அனுப்புவார். இல்லாதவர் மறுபடியும் இதே இரவுப் படத்தை அனுப்புவார்.