ஒரு பாட்டுக்காக 30 வருடச் சண்டை: ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ பார்த்தவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

[திரையில்: பனி படர்ந்த தெரு. ஓர் ஆளின் முதுகு மட்டும்.]

ஒருவர் நடந்து வருகிறார். தொப்பி தெரிகிறது, கோட்டு தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. தெருவே சேர்ந்து அவரைத் திட்டிப் பாடுகிறது. மனிதர்கள் பாடுகிறார்கள், எலிகள் பாடுகின்றன, கடையில் அடுக்கி வைத்திருக்கும் காய்கறிகள்கூட வாயைத் திறந்து பாடுகின்றன. பாட்டு முடிகிற நேரத்தில்தான் ஆள் திரும்புகிறார்.

பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்ன். சிரிப்பே இல்லாத முகம்.

இது 1992 டிசம்பரில் வந்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கதைதான். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன், ஒரே இரவில் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று ஆவிகள், விடிந்ததும் ஆள் மாறிவிடுகிறான். இதில் ஸ்க்ரூஜாக வரும் கெய்னும் இன்னும் சிலரும்தான் மனிதர்கள். மற்ற முக்கியமான வேடங்கள் எல்லாம் மப்பெட்டுகளுக்கு, அதாவது டிவியில் புகழ்பெற்ற கைப்பொம்மைகளுக்கு. குமாஸ்தா பாப் கிராட்சிட்டாகக் கெர்மிட் தவளை, அவர் மனைவியாக மிஸ் பிக்கி, கதை சொல்லும் டிக்கன்ஸாகக் கோன்ஸோ, பக்கத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் ரிஸ்ஸோ எலி.

வெளியானபோது படம் பெரிதாக ஓடவில்லை. முந்தைய மாதம் வந்த ‘ஹோம் அலோன் 2’, ‘அலாதீன்’ இரண்டும் தியேட்டர்களைப் பிடித்து வைத்திருந்தன. அமெரிக்காவில் இது வசூலித்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். அப்புறம் வீடியோ கேசட்டிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வருடா வருடம் போட்டே ஆக வேண்டிய படமாகிவிட்டது. ஒரு படத்தை இத்தனை தடவை பார்த்தால் அதைப் பற்றிச் சண்டையும் வரும். வந்தது.

[திரையில்: மரத்தளம். பலகைகளுக்கு நடுவே பள்ளங்கள்.]

பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒத்துப்போகும் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்: கெய்னின் நடிப்பு. பிரிட்டனின் பெரிய நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோடு நடிப்பது போலத்தான் நடிப்பேன், பொம்மைத்தனமாக எதையும் செய்ய மாட்டேன் என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதாக இயக்குநர் பிரையன் ஹென்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே செய்திருக்கிறார்.

இது எவ்வளவு சிரமம் என்று புரிய வேண்டுமானால் மப்பெட் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். பொம்மலாட்டம் என்றதும் மேலிருந்து நூலில் ஆட்டுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே எல்லாம் கீழிருந்து. ஆட்டுபவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பொம்மையின் தலைக்குள் விடுகிறார். வாய் அசைவு அந்தக் கையின் வேலை. பொம்மையின் கைகள் பெரும்பாலும் மெல்லிய கம்பிகளில் அசையும். தன் பொம்மை திரையில் எப்படித் தெரிகிறது என்பதைக் காலடியில் இருக்கும் சின்ன டிவியில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

அதனால் லண்டன் பக்கத்து ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் போட்ட செட்டுகளில் தரையே முழுசாக இல்லை. பலகைகளைக் கழற்றி எடுத்துவிட்டு ஆட்கள் கீழே நின்றார்கள். மேலே கெய்ன் மிச்சமிருந்த குறுகலான பலகைகள் மேல் நடந்தார். அதாவது கெர்மிட்டைப் பார்த்து அவர் எரிந்து விழும்போது கீழே குழிக்குள் கை தூக்கியபடி ஒருவர் நிற்கிறார். கெய்னின் கண் ஒரு தடவைகூட கீழே போவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது அதை மட்டும் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் அலுவலகக் காட்சி. குளிர் தாங்கவில்லை, அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கரி வேண்டும் என்று கணக்கெழுதும் எலிகள் கேட்கின்றன. வேலை போனால் பரவாயில்லையா என்று ஸ்க்ரூஜ் கத்துகிறார். அடுத்த நொடியே எலிகள் எல்லாம் கடற்கரை உடுப்புக்கு மாறி, என்ன வெயில் என்ன வெயில் என்று ஆட ஆரம்பித்துவிடுகின்றன. குழந்தைக்கு அது எலி டான்ஸ். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு அது வேறு மாதிரி சிரிப்பு. கெய்ன் அந்த எலிகளை நிஜமாகவே வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார் என்று நமக்குத் தோன்றுவதால்தான் இரண்டு சிரிப்புமே வருகிறது.

சரி, இனி சண்டைகள்.

சின்னதை முதலில் பார்க்கலாம். கெர்மிட்டும் மிஸ் பிக்கியும்தான் மப்பெட்டின் நட்சத்திரங்கள், அவர்களுக்கு ஏன் இவ்வளவு குறைச்சலான நேரம் என்று ரசிகர்கள் சிலருக்குக் குறை. நியாயம்தான், பிக்கி தலைகாட்டவே பாதிப் படம் ஆகிவிடுகிறது. மூன்று ஆவிகளும் நமக்குத் தெரிந்த பொம்மைகள் இல்லையே என்பது இன்னொரு குறை. இதில் நான் படத்தின் பக்கம். கடந்த காலத்தின் ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் படமெடுத்தார்கள். முடியும் உடையும் காற்றில் இல்லாத ஏதோ ஒன்றில் மிதப்பது போலத் தெரிவது அதனால்தான். அந்த இடத்தில் தெரிந்த முகம் வந்திருந்தால் வெறும் சிரிப்போடு போயிருக்கும்.

குழந்தைகள் பயப்படுவார்களா என்பது அடுத்தது. கொஞ்சம் பயப்படுவார்கள். எதிர்காலத்தின் ஆவிக்கு முகமே கிடையாது, பேச்சும் கிடையாது. படம் எடுத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்த ஆவி வந்ததும் கோன்ஸோவும் ரிஸ்ஸோவும், இனி எங்களால் முடியாது, முடிவில் சந்திப்போம் என்று நம்மிடமே சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போனால் அறை எப்படி இருக்கும், அப்படி ஆகிறது படம்.

புத்தகம் படித்தவர்களின் கருத்துதான் ஆச்சரியம். தவளையும் பன்றியும் நடிக்கும் படத்தை, மூலத்துக்கு மிக நெருக்கமானவற்றில் ஒன்று என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். கோன்ஸோ டிக்கன்ஸாக வருவதால் புத்தகத்தின் வரிகளே காதில் விழுகின்றன என்பதுதான் காரணம். மாற்றங்கள் இல்லாமல் இல்லை. ஸ்க்ரூஜின் தங்கை ஃபேன் இதில் இல்லை. புத்தகத்தில் பேயாக வரும் ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லி ஒருவர்தான், இங்கே இரண்டு. பால்கனியில் உட்கார்ந்து எல்லோரையும் கிண்டல் செய்யும் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்ற கிழ ஜோடிக்காகப் பேயை இரண்டாக்கிவிட்டார்கள்.

[திரையில்: சங்கிலியில் தொங்கும் இரண்டு கிழவர்கள். பாட்டு இல்லாமல்.]

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மப்பெட்டுகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் இறந்தார். அவரோடு நீண்ட காலம் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹன்ட் 1992 ஜனவரியில் இறந்தார். படம் அந்த இருவருக்கும்தான் சமர்ப்பணம். வால்டார்ஃப் ஜிம்மின் பொம்மை, ஸ்டாட்லர் ஹன்ட்டின் பொம்மை. அந்த இரண்டு கிழவர்களும் இதில் செத்துப்போன கூட்டாளிகளாக வருகிறார்கள், வேறு இருவரின் கையில். இயக்கும் பிரையன் ஜிம்மின் மகன், அவருடைய முதல் சினிமா இது. கெர்மிட்டும் புதுக் கையில், ஸ்டீவ் விட்மையரிடம். கெர்மிட்டின் குரல் பழைய மாதிரி இல்லை என்று அப்போதே சிலர் சொன்னார்கள். உண்மை, கொஞ்சம் வேறுதான். ஆனால் பாப் கிராட்சிட்டின் நோயாளி மகன் குட்டி டிம் இறந்துபோன எதிர்காலத்தில், சந்திப்பும் பிரிவும் சேர்ந்ததுதான் வாழ்க்கை என்று கெர்மிட் தன் குடும்பத்திடம் தணிந்த குரலில் சொல்லும்போது, அந்த வேறு குரல்தான் நம்மைப் பிடிக்கிறது.

இப்போது பெரிய சண்டை. அந்தப் பாட்டு.

இளம் ஸ்க்ரூஜைப் பெல் என்ற பெண் பிரிந்து போகும் காட்சியில் அவள் ஒரு சோகப் பாட்டு பாடுகிறாள். ‘வென் லவ் இஸ் கான்’. பாடல்கள் எல்லாமே பால் வில்லியம்ஸ் எழுதியவை. இதில் பொம்மை இல்லை, நகைச்சுவை இல்லை. கிழ ஸ்க்ரூஜ் அருகில் நின்று பார்க்கிறார், கடைசியில் அவரும் சேர்ந்து பாடி உடைந்து போகிறார். குழந்தைகள் நெளிவார்கள் என்று, படத்தை வெளியிட்ட டிஸ்னியின் ஸ்டூடியோ தலைவர் ஜெஃப்ரி கட்சன்பெர்க் சொன்னார். தியேட்டர் பிரதியிலிருந்து பாட்டு போய்விட்டது. கேசட்டில் இருந்தது. பின்னால் வந்த நல்ல தரப் பிரதிகளில் இல்லை, ஏனென்றால் அந்தப் பாட்டின் நெகட்டிவ், அதாவது மூலப் பிலிம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அது கிடைத்துவிட்டது என்று 2020 டிசம்பரில்தான் பிரையன் ஹென்சன் அறிவித்தார்.

ஆக, கேசட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு படம் பார்த்தார்கள், பாட்டில்லாத பிரதியைப் பார்த்தவர்கள் வேறு படம் பார்த்தார்கள். பாட்டு வேண்டாம் என்பவர்களின் வாதம் சுலபம்: படம் நின்றுவிடுகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தால் கட்சன்பெர்க் சொன்னது பொய்யில்லை என்று தெரியும், அந்த இடத்தில்தான் அதற்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். வேண்டும் என்பவர்களின் வாதத்துக்குக் காது வேண்டும். வெட்டிய பிரதியில் பெல் போகிறாள், அடுத்து ரிஸ்ஸோ விம்மி விம்மி அழுகிறது. எதற்கு இவ்வளவு அழுகை? விடை வெட்டிய பாட்டில் இருக்கிறது. படத்தின் கடைசிப் பாட்டும் இதே மெட்டுதான், சொற்கள் மட்டும் மாறியிருக்கின்றன: போன அன்பு அங்கே கிடைத்த அன்பாகிறது. முதல் பாட்டைக் கேட்காதவருக்கு அது ஒரு நல்ல முடிவுப் பாட்டு. கேட்டவருக்கு ஸ்க்ரூஜ் முப்பது நாற்பது வருடம் கழித்துச் சொல்லும் பதில்.

நான் பாட்டு வேண்டும் கட்சி. ஆனால் பத்து வயதில் கேட்டிருந்தால் எதிர்க் கட்சியில் இருந்திருப்பேன். சின்ன வயதில் ரிமோட்டை எடுத்து அந்தப் பாட்டை ஓட்டிவிட்டவர்களே இன்று அதைத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

[திரையில்: டிஸ்னி பிளஸ் பட்டியல்.]

2022 டிசம்பரில் டிஸ்னி பிளஸ் முழு நீளப் பிரதியைக் கொண்டுவந்தது. ஆனால் படத்தின் பெயரைத் தட்டியதும் ஓடியது பழைய, பாட்டில்லாத பிரதிதான். பாட்டுள்ளதை எக்ஸ்ட்ராஸ் பகுதிக்குள் வைத்துவிட்டார்கள். குழந்தைகளோடு முதல் தடவை பார்க்கிறீர்கள் என்றால் முன்னாலிருக்கும் பிரதியே போதும். அவர்கள் தூங்கின பிறகு மற்றதைத் தேடிப் போடுங்கள்.