கிரீடம் இல்லாத சரித்திரப் படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சரித்திரப் படம் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு மயக்கம் உண்டு. கோட்டை, போர்க்களம், தர்பார் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மனசில் தங்குவது பெரும்பாலும் ஒரு மனுஷியோ மனுஷனோதான்.

‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த படம். குண்டலகேசிக் கதையை வைத்து மு. கருணாநிதி வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர்.தான் கதாநாயகன். ஆனாலும் நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மாதுரி தேவிக்காக. கணவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிக் கொல்லுவதற்கு. வழியெல்லாம் திருச்சி லோகநாதன், ஜிக்கி குரலில் ‘வாராய் நீ வாராய்’ என்று அப்படி ஒரு குழைவான பாட்டு! உச்சியில்தான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. சாகும் முன் உங்களை வலம் வந்துகொள்கிறேன் என்கிறாள். சுற்றி வருகிறாள். அவன் முதுகுப்பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். கதை முழுக்கத் தெரிந்திருந்தும், அவள் சுற்ற ஆரம்பித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதில் வரும் அரண்மனையைப் பற்றிக் கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

கோவையும் சளைத்ததில்லை. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947-இல் இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். கதை நாமக்கல் கவிஞருடையது. ‘எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்’ என்று டி.எம்.எஸ். எடுக்கும்போது இன்றைக்கும் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

இவ்வளவு ராஜா ராணிகளை உருவாக்கிய மண்ணில், இங்கே பாடுபட்ட ஜனங்களின் சரித்திரம் எத்தனை படமாயிற்று? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது 2013-இல் வந்த பாலாவின் ‘பரதேசி’.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் என்ற மருத்துவர் எழுதிய நாவலிலிருந்து பிறந்த படம் அது. ‘எரியும் பனிக்காடு’ என்று அந்த நாவலை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்து ஊரையே கிளப்பிக்கொண்டு போகிறான். நாள் கணக்கில் நடை. ஒருவன் சுருண்டு விழுகிறான். உயிர் இருக்கும்போதே அவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்கிறது, பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு. இடைவேளையில் என்னால் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் ஒட்டிய அந்தச் சாக்குநிறத் துணியைக் கவனித்தீர்களா? ஆடை வடிவமைப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. எந்தப் பட்டாடையையும்விட அந்தத் துணிதான் எனக்கு அந்தக் காலத்தைக் காட்டியது. அதற்கப்புறம் வால்பாறைக்குப் பஸ் ஏறும்போதெல்லாம், பச்சைப் பசேல் என்று ஒழுங்காக வெட்டிவிட்ட அந்தச் சரிவுகளை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

சரி, மலையில் நடந்தது படமாகிவிட்டது. கீழே நடந்தது? 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். இன்னும் ஒன்றரை வருஷத்தில் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது. இதைவிட ஒரு சரித்திரப் படத்துக்கு என்ன வேண்டும்? மில் சங்கு ஊதும் நேரம், ஷிப்டு விட்டு வரும் பெண்களின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, கேட் வாசலில் நின்று பேசும் பேச்சு, ‘என்னங்க’, ‘வாங்க’ என்று மரியாதை குறையாத நம் ஊர்த் தமிழ். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு படம் எனக்கு வேண்டும். இளம் இயக்குநர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், செட் போடும் முன் சிங்காநல்லூர்ப் பக்கம் வந்து, பழைய மில்காரர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து பேசுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது.

வணக்கம்.