மர்லினைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 மே மாதம் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்த, நடிகை மர்லின் மன்றோவின் படம் ஒன்று ஏறத்தாழ 19.5 கோடி டாலருக்குப் போனது. அது 1964-ஆம் ஆண்டுக் கேன்வாஸ். அதே முகத்தை 1967-இல் அவர் தாளில் திரை அச்சாகவும், அதாவது வலைத்திரை வழியே மையைத் தள்ளிப் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டாகவும் வெளியிட்டார். நிறம் மாற்றிப் பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் 36 அங்குலச் சதுரம், 250 பிரதி. அது போக, ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 ஓவியர் பிரதிகள், அதாவது எண்ணிட்ட 250-இல் சேராதவை. இன்று பேசப்போவது இந்தத் தாள்களின் விலையைப் பற்றி.

கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கையெழுத்து, பெரும்பாலும் பென்சிலில், அங்கேதான் இருக்கும். பிரதி எண் ரப்பர் முத்திரையாகப் பதிந்திருக்கும். யாரோ சட்டம் போடும்போது தாளை அட்டையில் ஒட்டிவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். உரித்தால் தாள் கிழியும், உரிக்காவிட்டால் வாங்குபவர் நம்பமாட்டார். எப்படியும் விலை சரியும்.

முதுகில் 'உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருக்கிறதா? அது 1970 முதல் 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் வந்த அச்சு. 1967 தாளின் விலையை அது ஏணி வைத்தாலும் எட்டாது. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் சிலவற்றில் வார்ஹோலே 'இது நான் செய்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்படிப்பட்ட தாளுக்குத் தனி மவுசு!

அடுத்தது விளிம்பு. இந்த மர்லினுக்கு வெள்ளை ஓரமே கிடையாது. நிறம் தாளின் கடைசிவரை ஓடுகிறது. மற்ற அச்சுகளில் ஓரத்து மடிப்பைச் சட்டத்துக்குள் ஒளிக்கலாம். இங்கே மூலை நசுங்கினால் படமே நசுங்கியதாகத்தான் கணக்கு. வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தால் இளஞ்சிவப்பு முதலில் வெளுக்கும். சட்டத்துக்கு உள்ளே மறைந்திருந்த நூலளவு ஓரத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டாலே வெளுத்தது தெரிந்துவிடும்.

பிரதி எண் சிறியதாக இருந்தால் விலை கூடும் என்பார்கள். செப்புத் தகட்டு அச்சில் தகடு தேயும், அதனால் முதல் பிரதிகளுக்கு மதிப்பு உண்டு. திரை அச்சில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பத்துப் படங்களும் ஒரே எண்ணில் சேர்ந்திருந்தால் மட்டும் எண்ணுக்கு மதிப்பு வரும்.

ஏல முடிவைப் படிக்கும்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள். ஏலத்துக்கு முன் சொல்லும் மதிப்பீட்டில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் சேராது. பிறகு அறிவிக்கும் விலையில் சேரும். மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்தது 1,00,000 டாலரில், கட்டணம் 25 சதவீதம் என்று வையுங்கள். செய்தியில் 1,25,000 என்று வரும். விற்றவர் கைக்கு 1,00,000 கூட வராது, அதிலிருந்தும் கமிஷன் பிடிப்பார்கள். மதிப்பீடு 1,00,000 முதல் 1,50,000 என்றால், 1,25,000 என்று செய்தியில் வந்த அந்தத் தாள் உண்மையில் அடிமட்டத்தில்தான் விற்றிருக்கிறது.