நண்டை ஒட்டிக் கையெழுத்து! பிரையன் மே உறை வீட்டுக்கு வந்துவிட்டது

வணக்கம் மக்களே! வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, இதோ பாருங்கள். பிரிட்டன் ராக் இசைக்குழு குயினின் 'எ நைட் அட் தி ஓபரா', 1975இல் வந்த எல்பி இசைத்தட்டு, அதன் உறை மேல் குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே கையெழுத்து. லண்டனில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் வாங்கியது, சுங்க வரியோடு 26,400 ரூபாய். ஆறு மாதம் சேர்த்த காசு.

கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். வெள்ளை உறை, நடுவில் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி வரைந்த சின்னம். குழுவில் இருந்த நாலு பேரின் ராசியையும் வைத்து வரைந்திருக்கிறார். ரோஜர் டெய்லரும் ஜான் டீக்கனும் சிம்மம், அதனால் இரண்டு சிங்கம். ஃப்ரெடி கன்னி, அதற்கு இரண்டு தேவதை. பிரையன் பிறந்தது 1947 ஜூலை 19, அந்த ஊர்க் கணக்கில் கடகம், அதனால் மேலே நண்டு. கையெழுத்து எங்கே இருக்கிறது பாருங்கள், அந்த நண்டை ஒட்டி! கடைக்காரர் அனுப்பிய படத்தில் இது தெரியவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது சத்தம் போட்டுவிட்டேன், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

சரி, ஃபிரேம் கதைக்கு வருகிறேன். முதலில் போன கடையில் உறையைக் கையில் வாங்கியதும் "லேமினேஷன் போட்டுடலாம் சார்" என்றார்கள். லேமினேஷன்! அந்தச் சூட்டில் மார்க்கர் மை என்ன ஆகும்? ஒரு முறை ஒட்டினால் பிரிக்கவும் முடியாது. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அட, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். உண்மையான கையெழுத்துதானா என்று எப்படிப் பார்த்தேன்? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சடித்ததாக இருந்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். இதில் கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் மை அடர்ந்து நிற்கிறது, முடிகிற இடத்தில் மெலிகிறது. கூட வருகிற சான்றிதழை நான் நம்புவதே இல்லை, அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வெற்று அட்டையில் வாங்கிய கையெழுத்தும் எனக்குப் பிடிக்காது. அவர் வாசித்த ரெக்கார்டு மேல் அவர் கை பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவரிடம் போனேன். இரண்டே விஷயம் கேட்டேன்: கண்ணாடி உறையைத் தொடக்கூடாது, பின்னால் சாதாரண அட்டை கூடாது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஒட்டி வைத்தால் மை கண்ணாடிக்குப் போய்விடும், மட்டமான அட்டை வெள்ளை உறையைப் பழுப்பாக்கிவிடும். போன வருடம் காட்டினேனே, பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் நாணயம், அதையும் உள்ளே வைக்கச் சொன்னேன். "காசு எதுக்குத் தம்பி?" என்றார். கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக் இல்லாமல் இந்த மாதிரிக் காசாலேயே கிடார் வாசிக்கிறவர் பிரையன் என்றேன். அந்தக் கிடாரையும் அவரும் அப்பாவும் வீட்டிலேயே செய்தார்கள், 1963இல் ஆரம்பித்து, கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு மேல் இருந்த மகோகனிப் பலகை, உள்ளே பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் என்று சொன்னதும் பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "கழுத்து வளையாம நிக்குதா?" இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறார் ஐயா என்றேன். பிறகு அவரே தேக்கு ரீப்பரை மெல்லிசாக இழைத்து நாலு பக்கமும் இடைவெளி விட்டார். நாணயத்துக்குத் தனியாகக் குழி குடைந்தார், பசை ஒரு சொட்டுக்கூட இல்லை! 2,800 ரூபாய். ரீப்பருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

2024 செப்டம்பரில் பிரையன் தனக்கு லேசான பக்கவாதம் வந்ததாகவும், இடது கை கொஞ்ச நேரம் கட்டுப்பாட்டில் இல்லை என்றும், இப்போது கிடார் வாசிக்க முடிகிறது என்றும் அவரே சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த உறையைத் தேட ஆரம்பித்தது மறுநாள் காலையில்தான்.

ஹாலில் வெயில் படாத சுவரில் மாட்டியாச்சு. தட்டு தனி உறையில், அலமாரியில் நிமிர்ந்து நிற்கிறது. படுக்க வைத்தால் ஏப்ரல் வெயிலில் வளைந்துவிடும். இருங்கள், ஊசியை வைக்கிறேன்.