வாசகரின் முகவரி யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் எழுதுகிற இளையவர்கள் பலர் இன்று தங்கள் கதையை முதலில் இடுவது முகநூலில்தான். அச்சுச் செலவு இல்லை. எந்த ஆசிரியரின் தயவும் வேண்டியதில்லை. ஆனால் முகநூல் விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனம். நாம் அங்கே தங்கும் நேரம்தான் அதன் வருமானம். உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவோம் என்று 2018 ஜனவரியில் அது அறிவித்தது. சண்டையும் உரையாடலாகவே கணக்கில் சேர்ந்தது.

எனக்குத் தெரிந்த வெள்ளவத்தைப் பெண் ஒருவர் அருமையான சிறுகதைகள் எழுதுகிறார். நீண்ட பதிவில் முதல் சில வரிகளே தெரியும். மிச்சத்துக்கு 'மேலும் பார்க்க' என்பதை அழுத்த வேண்டும். முன்பு ஒரு சமையலறையின் காலைப்பொழுதில் ஆறுதலாகத் தொடங்கிய அவருடைய கதைகள், இப்போது முதல் வரியிலேயே ஒரு சாவோடு தொடங்குகின்றன. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாசகரும் இதில் தப்பவில்லை. ஆழ்ந்து வாசித்துவிட்டு விருப்பமோ கருத்தோ இடாமல் போகிறவரின் கண்ணில் அடுத்த கதை படாமலே போகலாம். நல்ல எழுத்துக்கு என்றும் துணைநின்றவர்கள் அந்த மௌன வாசகர்கள்தானே!

விளம்பரத்தை விட்டுச் சந்தாவை நம்பலாமே என்பீர்கள். எழுத்தாளர் தம் எழுத்தை வாசகரின் மின்னஞ்சலுக்கே அனுப்ப உதவும் தளம் சப்ஸ்டாக். 2017 இல் தொடங்கிய அது அந்த வழியில்தான் போகிறது. சந்தாவில் 10 சதவீதம் நிறுவனத்துக்கு. வாசகரின் மின்னஞ்சல் பட்டியலை எழுத்தாளர் தம்மோடு எடுத்துச் செல்லலாம். அது பெரிய விடயம். ஆனால் எழுத்தாளருக்குப் பணம் ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகவே வருகிறது. அந்தச் சேவை இலங்கையில் இல்லை. டொரொன்டோவில் இருக்கும் தமிழ் எழுத்தாளர் வாசகரிடம் சந்தா வசூலிக்கலாம். கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கும் எழுத்தாளர் வசூலிக்க முடியாது.

1966 இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பிரதிகளைத் தாமே சுமந்து சென்று விற்றார். பிற்காலத்தில் கொழும்பிலிருந்தும் அதை நடத்தினார். இதழை யார் வாசிக்கிறார் என்பதை அறிய அவருக்கு இடையில் எவரும் தேவைப்படவில்லை.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: முகநூலை விட வேண்டாம், கூடவே இலவசமாக ஒரு மின்னஞ்சல் பட்டியலைத் தொடங்குங்கள், இருபது பேர் என்றாலும் பரவாயில்லை. உள்ளூர் வாசகர் சந்தாவை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பலாம். நேயர்களே, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் முகவரி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். வாசித்தபின் இரண்டு வரி பதிலும் எழுதுங்கள்.

நன்றி. வணக்கம்.