மொரிஷியஸின் திறந்தவெளிச் சிறை: கதவு திறந்தபின் எங்கே போவது?

[காட்சி: மேற்குக் கரைச் சாலை. இரு பக்கமும் கரும்பு. பின்னணியில் குரல் மட்டும்.]

போர்ட் லூயிஸிலிருந்து மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கினால் பெத்தித் ரிவியேர் வரும். அதை ஒட்டிய பகுதி ரிஷெல்யூ. மொரிஷியஸின் திறந்தவெளிச் சிறை இங்கேதான் இருக்கிறது. ஆல்பியோன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தப் பக்கமாக எத்தனையோ முறை போயிருப்பார்கள். ஆனால் சிறை என்றால் நம் ஆட்களுக்கு நினைவு வருவது போபாசேன் மத்தியச் சிறையின் பழைய கல்மதில்தான். கொஞ்சம் செய்தி பார்ப்பவர் என்றால் கிழக்கே மெல்ரோஸில் கட்டிய உயர்பாதுகாப்புச் சிறையைச் சொல்வார். ரிஷெல்யூவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். திறந்தவெளிச் சிறை எதற்காக, உள்ளே வாழ்க்கை எப்படி, அங்கிருந்து வெளியே வருபவர் ஏன் தடுக்கி விழுகிறார். மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

[காட்சி: ஐ.நா. ஆவணத்தின் அட்டை. கீழே எழுத்து: மண்டேலா விதிகள், 2015.]

முதலில் அடிப்படை. 1955-ல் ஜெனீவாவில் ஐ.நா. நடத்திய மாநாட்டில் திறந்தவெளிச் சிறை பற்றித் தனியாகவே பேசினார்கள். மதில், பூட்டு, கம்பி, துப்பாக்கி ஏந்திய காவல், இவற்றை நம்பாமல் கைதியின் சுயகட்டுப்பாட்டை நம்பி நடக்கும் இடம் என்று அங்கே வரையறுத்தார்கள். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-ல் கொண்டுவந்த மண்டேலா விதிகளும் 89-ம் விதியில் இதையே சொல்கின்றன. கவனமாகத் தேர்ந்தெடுத்த கைதிகளின் மறுவாழ்வுக்கு மிகவும் ஏற்ற சூழல் இதுதான் என்று அந்த விதி சொல்கிறது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: திறந்தவெளிச் சிறையில் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

"கவனமாகத் தேர்ந்தெடுத்த" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தண்டனை முடியப் போகிறவர், ஓடிப்போக மாட்டார் என்று நம்பக்கூடியவர், உள்ளே தகராறு செய்யாதவர், இப்படிப் பார்த்துத்தான் உலகம் முழுக்க ஆள் எடுக்கிறார்கள். மொரிஷியஸில் சிறையில் இருப்பவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்னும் தீர்ப்பு வராமல் விசாரணைக் கைதிகளாகக் கிடக்கிறார்கள். தீர்ப்பே வராதவருக்குத் திறந்தவெளி எங்கே? ஆக, வாய்ப்பு தொடக்கத்திலேயே பாதிப் பேருக்கு அடைபட்டுவிடுகிறது. நீதிமன்றத் தாமதம் சிறைச் சீர்திருத்தத்தை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை.

பெண்களுக்கும் போபாசேனில் ஒரு திறந்த பிரிவு உண்டு. எண்ணிக்கை மிகச் சிறியது, அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

[காட்சி: வயல் வேலை. முகங்கள் தெரிய வேண்டாம், கைகள் மட்டும்.]

உள்ளே வாழ்க்கை எப்படி? திறந்தவெளிச் சிறை என்றால் விவசாயம் என்பது எழுதாத சட்டம் போல ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கைப் பக்கம் புரசடை உடைப்பிலும் இருப்பவையும் இதே வகைதான். காலையில் வயல், மதியம் சாப்பாடு, மறுபடி வயல், மாலையில் கணக்கெடுப்பு. வெயில் மேலே படுகிறது, மண் கையில் படுகிறது, மூடிய சிறையின் நாற்றமும் இரைச்சலும் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. பல மாதம் நான்கு சுவருக்குள் இருந்தவருக்கு வானம் பார்த்து நடப்பதே பெரிய மாற்றம்.

ஆனால் இங்கே வேறொரு அழுத்தம் இருக்கிறது, அதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. மூடிய சிறையில் தப்பு செய்யவே வழி குறைவு. திறந்த இடத்தில் நாள் முழுக்க வழி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வேலியோரம் வந்து கைப்பேசி கொடுக்கலாம், பொட்டலம் கொடுக்கலாம். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். ஒரு நாள் சறுக்கினால் போதும், மறுபடி மூடிய சிறை, கூடவே புதிய வழக்கு. தண்டனையின் கடைசி மாதங்களில் இருப்பவருக்கு இது கத்திமேல் நடக்கிற கதை. இதற்கு மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு காவலர் கூடுதலாகக் கேட்டால் எந்த அரசும் கொடுத்துவிடும், ஆலோசகர் கேட்டால் அடுத்த ஆண்டு பட்ஜெட் என்பார்கள்.

காவலில் இருப்பவர்களைச் சித்திரவதை செய்வதைத் தடுக்க 2012-ல் மொரிஷியஸ் தேசியத் தடுப்புப் பொறிமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஒரு பிரிவு சிறைகளுக்குள் போய்ப் பார்த்து, கைதிகளோடு தனியாகப் பேசி அறிக்கை கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. உள்ளே நடப்பதை இப்படிக் கண்காணிக்கலாம், சரி. வெளியே வந்த பிறகு நடப்பதை யார் பார்ப்பது?

[காட்சி: கறுப்புத் திரை. எழுத்து: "போதை".]

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த நாட்டுச் சிறையைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. மொரிஷியஸ் சிறைகளின் கதையில் பெரும்பகுதி போதைப்பொருளின் கதை. முதலில் ப்ரௌன் ஷுகர் என்ற ஹெராயின், இப்போது சிந்தெடிக் என்ற செயற்கைப் போதை. அரசு 2006-ல் ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்தான மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியது, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் அதே ஆண்டு வந்தது, பிறகு மெதடோன் சிறைக்குள்ளும் வந்தது. நீதிபதி லாம் ஷாங் லீன் தலைமையில் 2015-ல் அமைத்த விசாரணை ஆணையம் 2018-ல் அறிக்கை கொடுத்தது. சிறைக்குள் போதை எப்படி நுழைகிறது என்பதையும் அது விரிவாகப் பேசியது.

போதை வழக்கில் வந்தவரைத் திறந்தவெளிக்கு அனுப்ப எந்த நிர்வாகமும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் போதைக்கு அடிமையானவர் வேறு, வியாபாரி வேறு. இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டால், படிப்படியாக வெளியுலகத்துக்குப் பழக வேண்டிய ஆளே கடைசி நாள் வரை பூட்டுக்குள் இருந்துவிட்டு, ஒரே நாளில் பழைய தெருவில் போய் நிற்பார். அந்தத் தெருவில் பழைய வியாபாரி காத்திருப்பார். பழைய அளவு போதையை உடல் தாங்கும் சக்தி குறைந்திருக்கும் அந்த முதல் வாரங்கள்தான் உயிருக்கே ஆபத்தானவை.

[காட்சி: பழைய போர்ட் லூயிஸ் துறைமுக ஓவியம்.]

இனி கொஞ்சம் வரலாறு. சுருக்கமாக முடிக்கிறேன் என்று சொல்லமாட்டேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு முன்பே இந்தியாவிலிருந்து இங்கே கைதிகள் வந்தார்கள். 1815-லிருந்து ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர், பெரும்பாலும் வங்காள, பம்பாய் மாகாணங்களிலிருந்து. இந்தத் தீவின் சாலைகளில் அவர்கள் வியர்வை கலந்திருக்கிறது. 1836-ல் சார்லஸ் டார்வின் இங்கே சில நாள் தங்கினார். எண்ணூறு கைதிகள் அளவில் பொதுவேலைகளில் இருப்பதாக எழுதினார். அவர்களின் தோற்றமும் சுத்தமும் அமைதியும் அவரை அசத்திவிட்டன. அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் பார்த்த கைதிகளோடு இவர்களை ஒப்பிடவே அவருக்கு மனம் வரவில்லை. பலர் வேலை நடந்த சாலையோரம் முகாம்களில்தான் தங்கினார்கள். சங்கிலியும் கங்காணியும் இருந்த காலம்தான், அதை அழகுபடுத்த வேண்டாம். ஆனாலும் மதிலுக்கு வெளியே கைதியை வைத்து வேலை வாங்குவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை.

அப்புறம் நம் முன்னோர். 1834-லிருந்து கப்பல் கப்பலாக வந்தவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் பெரும் பங்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திரம் என்றுதான் நினைத்தார்கள். 1867 சட்டம் அதைக் குலைத்தது. ஒப்பந்தம் முடித்தவர் எப்போதும் தன் புகைப்படத்தோடு கூடிய சீட்டும் போலீஸ் பாஸும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்து, கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்டில் இருந்த நாடோடிகள் காப்பகத்தில் அடைத்து வேலை வாங்குவார்கள். திருட்டு இல்லை, அடிதடி இல்லை, கையில் காகிதம் இல்லை என்பதே குற்றம். 1871-ல் கரும்புத் தோட்டம் நடத்திய அடோல்ஃப் தெ ப்ளெவித்ஸ் உதவியோடு 9,401 பேர் மனு கொடுத்தார்கள். அதன் விளைவாக 1872-ல் லண்டனிலிருந்து அரச ஆணையம் வந்தது.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், ரிஷெல்யூவிலிருந்து வருபவரை இன்று தடுப்பதும் ஒரு காகிதம்தான்.

[காட்சி: மேசைமேல் ஒரு விண்ணப்பப் படிவம். பெயர், எண் எதுவும் தெரியக் கூடாது.]

நன்னடத்தைச் சான்றிதழ். பழைய பழக்கத்தில் இன்னும் பலர் மொராலித்தே என்பார்கள். இப்போது 2012 சட்டத்தின்படி அரசுக் குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநர் (DPP) அலுவலகம் அதைக் கொடுக்கிறது. சிறு குற்றங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் சிறைக்குப் போகும் அளவு தண்டனை பெற்றவருக்கு விடுதலையான மறுமாதமே சுத்தமான சான்றிதழ் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. காவலாளி வேலைக்குக் கேட்கிறார்கள், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவக் கேட்கிறார்கள், ஓட்டுநருக்குக் கேட்கிறார்கள். பணத்தைக் கையாளும் வேலைக்கு, குழந்தைகளோடு இருக்கும் வேலைக்குக் கேட்டால் சரி. மூட்டை தூக்கவும் அது எதற்கு?

இதன் வேடிக்கையான பக்கத்தைப் பாருங்கள். இந்த நாட்டில் ஆள் பஞ்சம். ஆடைத் தொழிற்சாலைகளில், பேக்கரிகளில், கட்டுமானத்தில் பங்களாதேஷிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நாமும் அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் அதே முதலாளி, பக்கத்து ஊர்ப் பையன் சிறையிலிருந்து வந்து நின்றால் காகிதம் கேட்கிறார்.

நம் சங்கங்களும் கோவில் கமிட்டிகளும் கூட யோசிக்கலாம். காவடிக்கும் அன்னதானத்துக்கும் எத்தனை கை தேவைப்படுகிறது! பந்தல் போடவும் ஏழு கறி பரிமாறவும் வரும்போது யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. சம்பளம் உள்ள வேலை என்று வந்தால் பேச்சு மாறிவிடும். தீவு சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். விடுதலையாகி வந்தவரின் அம்மாவைக் கடையில் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்துவார். அதை எந்தச் சட்டமும் மாற்றாது.

இன்னொரு குறை, சிறையில் கற்றுத் தருவதும் வெளியே கிடைக்கும் வேலையும் பொருந்தாதது. கத்திரிக்காய், தக்காளி போட ஒருவர் நன்றாகவே கற்றுக்கொள்கிறார் என்று வைப்போம். அவர் வீடு போர்ட் லூயிஸ் புறநகரில் ஒரு தகரக் கூரை. துண்டு நிலம் கிடையாது. இந்த நாடு கரும்பிலிருந்து ஆடைத் தொழிலுக்கும், அங்கிருந்து சுற்றுலாவுக்கும், எபேனின் கணினி அலுவலகங்களுக்கும் நகர்ந்து வெகுநாளாகிறது. ஏர்கண்டிஷனர் பழுது பார்ப்பது, அலுமினியச் சட்டம் பொருத்துவது, பேக்கரி அடுப்பு, மின்வேலை, இவற்றுக்கு நாளைக்கே கூப்பிடுவார்கள்.

[காட்சி: இந்திய வரைபடம். ராஜஸ்தான் தெரிகிறது.]

வேறு வழி இருக்கிறதா? நார்வே, பின்லாந்து என்று எல்லா வீடியோவிலும் காட்டுவார்கள். அவர்கள் பணம் வேறு, நான் தாண்டிப் போகிறேன். ஜெய்ப்பூர் அருகே சங்கானேரைப் பாருங்கள். 1963-லிருந்து நடக்கும் திறந்தவெளிச் சிறை. அங்கே கைதிகள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். காலையில் வெளியே வேலைக்குப் போய், சம்பாதித்து, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, வருகைப் பதிவுக்குத் திரும்பி வருகிறார்கள். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. அரசுக்குச் செலவும் குறைவு.

இதை அப்படியே ரிஷெல்யூவுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே கைதிகளில் போதைப்பொருள் கடத்தி வந்து மாட்டிய வெளிநாட்டவரும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குடும்பம் இந்தத் தீவிலேயே இல்லை. ஆனால் ஒரு பகுதியை எடுக்கலாம். தண்டனையின் கடைசி ஆறு மாதம், ஓராண்டு, வெளியே உண்மையான முதலாளியிடம், உண்மையான சம்பளத்துக்கு வேலை. மாலையில் சிறைக்குத் திரும்பி வருவது. மண்டேலா விதிகளின் 103-ம் விதி சொல்வது போல அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு கைச்செலவுக்கு, ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு விடுதலை நாளன்று கையில் கொடுக்கும் சேமிப்பு. 108-ம் விதி அடையாள அட்டை, தங்க இடம், பருவத்துக்கு ஏற்ற உடை, ஊர் போய்ச் சேரவும் முதல் சில நாள் சமாளிக்கவும் பணம் என்று விடுதலையாகிறவருக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டே சொல்கிறது. பேருந்துக் கட்டணம் வரை யோசித்திருக்கிறார்கள்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஒருவர் திரும்பி வராமல் போனால் அன்று மாலை வானொலியில் அதுதான் செய்தி, அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். ஒழுங்காகத் திரும்பி வந்த மற்றவர்கள் செய்தியில் வரமாட்டார்கள். அதனால்தான் எண்ணிக்கையைச் சிறியதாக வைத்துத் தொடங்க வேண்டும் என்கிறேன். பத்துப் பேர், இரண்டு மூன்று முதலாளிகள், ஒரு நல்ல சமூகப் பணியாளர் போதும்.

விடுதலையான பிறகு, இப்படி வேலை கொடுத்த ஒரு பேக்கரிக்காரர் சட்டப்படி மொராலித்தே கேட்கலாம். "ஆறு மாதமாக விடிகாலை மூன்று மணிக்கு உங்கள் அடுப்பைப் பற்ற வைத்தது நான்தானே, முதலாளி" என்று விடுதலையானவரும் பதில் சொல்லலாம்.

[காட்சி: திரை அணைகிறது. சேனல் பெயர்.]